காவேரி மணலில் கிருத்திகையைத் தவறவிட்ட கதை

பிறையையும் கிருத்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் ஒரே படத்தில் பிடிக்க ஸ்ரீரங்கம் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பவும். இந்த 1968 பங்குனியில் நான் போனபோது எனக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளியொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மாணவிகளுக்காக ஒரு வானியல் கழகம் தொடங்க வேண்டுமென்று இரண்டு வருடமாகத் தலைமையாசிரியையிடம் கேட்டு வந்தேன். "ஆண்டு விழாவுக்கு வாங்கின கேமராவை எடுத்துக்கிட்டுப் போங்க. உருப்படியா ஒரு படம் கொண்டு வாங்க. இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்று கடைசியில் சொல்லிவிட்டார். கழகத்தின் தலையெழுத்து பன்னிரண்டு படம் எடுக்கும் ஒரு ஃபிலிம் சுருளில் வந்து நின்றது.

ஏன் பங்குனி? சந்திரன் மாதம் ஒருமுறை கிருத்திகையைக் கடந்துதான் போகிறது. மாசியில் அது அரை வட்டமாகி, வெளிச்சத்தில் நட்சத்திரங்களை மங்கடித்துவிடும். சித்திரையில் கூட்டமே அந்தி வெளிச்சத்துக்குள் இறங்கிவிடும். பங்குனியில்தான் மெல்லிய பிறையும் இருண்ட வானமும் மாலை ஏழு மணிக்கே கிடைக்கும். எங்கள் தெருவில் மேற்கே முழுக்க மரம். ஸ்ரீரங்கத்திலோ காவேரி மணல் மேற்கே திறந்து கிடக்கிறது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த கோமதியின் வீடும் அம்மா மண்டபம் சாலையில் இருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஜங்ஷன் ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது பைசா. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பஸ் நிற்பதால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் கேமரா, காலுக்கிடையில் அதை நிறுத்தும் முக்காலி. பக்கத்து இருக்கை அம்மாள் அதைக் கூடாரக் கம்பி என்று நினைத்து, சர்க்கஸ் எந்த ஊரில் என்று கேட்டார். ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ், இருபத்தைந்து பைசா.

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்த தினசரி காலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாளில் கிருத்திகை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எதற்கும் ஒரு நாள் முன்னால் இருப்போம் என்று திங்கட்கிழமை மத்தியானமே போய்ச் சேர்ந்தேன். அன்று மாலை முழுக்க, தூசி படாமல் கேமராவைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோமதியோடு பழங்கதை பேசினேன். வாசல் பக்கம்கூடப் போகவில்லை.

செவ்வாய் மாலை ஆறரைக்கு ஜட்கா பேசினேன். போக, வர, காத்திருக்க ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் பெயர் பிச்சை. படித்துறைக்கு மேற்கே மணலில் அவரே முக்காலியைத் தூக்கிவந்து வைத்தார். ஏழே கால் மணிக்கு வானம் நன்றாகக் கறுத்தது. கிருத்திகை இருந்தது. பிறையும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில், நீட்டிய கையின் முஷ்டி அகலத்துக்கு வெற்று வானம்.

நான் வாயைத் திறக்குமுன் பிச்சை திறந்தார். "என்னம்மா, ஆறாமீனையா படம் புடிக்க வந்தீங்க? நேத்துல்ல வந்திருக்கணும்! பெறை அதுகிட்டப் போயி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. குதிரைக்குத் தண்ணி காட்டிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நேற்றா?"

"ஆமா. நேத்து நீங்க எந்த ஊருல இருந்தீங்க?"

இந்த ஊரில்தான், பொடிநடையாக வந்துவிடும் தூரத்தில் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்ததற்கு மூன்று படம் எடுத்தேன். லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து, பத்துப் பத்து வினாடி.

வீட்டுக்கு வந்ததும் கோமதியின் காலண்டரைப் பார்த்தேன். கொட்டை எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில், கிருத்திகை ஆறு நாழிகை, பிறகு ரோகிணி என்று போட்டிருந்தது. சூரிய உதயத்தின்போது எந்த நட்சத்திரமோ அதைத்தான் பெரிதாக அச்சடிப்பார்கள். அது எதுவரை நிற்கும் என்பதைக் கீழே பொடியாகப் போடுவார்கள். ஆறு நாழிகை என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை எட்டரை மணியோடு கிருத்திகை முடிந்துவிட்டது.

"நல்ல நாள் பாக்குறப்ப எங்க வீட்டுச் சமையக்காரம்மாகூட நாழிகையப் பாப்பாங்கடி. நீ பி.எஸ்ஸி.!" என்றாள் கோமதி.

"போதும்டி."

"என்ன போதும்? நேத்து ராத்திரி நாலு இட்லி தின்னுட்டு நாலு மணி நேரம் கதையடிச்சியே, ஒரு தடவை வெளிய வந்து எட்டிப் பாத்தியா?"

எரிச்சலில் அன்று சாப்பிடவில்லை. கோமதி மீதும் கோபமில்லை, காலண்டர் மீதும் கோபமில்லை. வானத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற நான், அது தலைக்குமேல் இருந்தபோது தாளை நம்பி உள்ளே உட்கார்ந்திருந்தேன். இதைத் தலைமையாசிரியையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

புதன் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டியவள் ஒரு நாள் விடுப்புக் கேட்டுத் தந்தி கொடுத்தேன். "இன்னிக்கு இன்னும் தள்ளில்ல போயிருக்கும்?" என்றாள் கோமதி. எவ்வளவு தள்ளிப் போகிறது என்றாவது பார்க்கிறேன் என்று வீம்பாகச் சொன்னேன். அதே மணல், அதே ஏழே கால், அதே பிச்சை. பிறை முந்தின நாளைவிட ஒரு முஷ்டிக்கும் அதிகமாக மேலே ஏறியிருந்தது. இன்னும் மூன்று படம்.

கழுவி வந்த படங்களில், நாளுக்கு ஒன்றாக, சிறந்த இரண்டைத் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன். பிறை வெளுத்துப்போய் ஒரு பொட்டாகத்தான் இருந்தது. கிருத்திகை ஆறு ஊசிமுனை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே நாள்லயா இவ்வளவு தூரம் நடந்துது? ரெண்டும் சேர்ந்திருக்கிற படம் எங்க டீச்சர்?"

"அன்னிக்கு நான் உள்ள உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல? பொய்யும் தயாராக இல்லை.

அவர் சிரிக்கவில்லை. கழகத்துக்காக நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை இழுத்து, 'கழகம் நடத்தலாம். கேமரா இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கேமரா அலமாரிக்குள் போனது. போன வெள்ளிக்கிழமை மாலை பதினேழு பெண்கள் பள்ளி மைதானத்தில் கையை நீட்டி, முஷ்டியை வைத்து வானத்தை அளந்தார்கள்.

போகிறவர்களுக்கு: காலண்டரில் பொடி எழுத்தைப் படியுங்கள். கிருத்திகை தொடங்கிப் பாதிக்கு மேல் ஓடிய நேரத்தில்தான் சந்திரன் கூட்டத்தை நெருங்குகிறது. அது மாலையில் வருகிறதா என்று கணக்குப் போடுங்கள். முக்காலிக்கு அடியில் பலகை வையுங்கள், மணல் இறங்கும். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே, பெட்டியைப் பிரிக்குமுன், தெருவுக்கு வந்து மேற்கே பாருங்கள்.