உள்ளே அலுமினியம்

கார்குழலிக்கு மறதி கிடையாது. அரியாங்குப்பத்தில் அவள் கடைக்கு வரும் வண்டிகளில் நட்டு இறுக்கும்போதெல்லாம் ராமலிங்கத்தின் கழுத்தை இறுக்குவதாக நினைத்துக்கொள்வாள். இரண்டு வருடமாக அப்படித்தான். நட்டுகள் நன்றாகவே இறுகின.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் வீட்டில் சம்பாதிக்க அவள்தான் மிச்சம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, தட்டாஞ்சாவடியில் ராமலிங்கத்தின் பைக் எலக்ட்ரிகல் கடையில் சேர்ந்தாள். ஒன்பது வருடம் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வயரிங் பார்த்தாள். வேலை அவளுடையது, பேர் முன்னால் நிற்கிற ராமலிங்கத்துடையது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவன் புதிதாக ஒரு சுருள் கேபிள் வாங்கி வந்தான். கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்தது, எடை இல்லை. கத்தியால் சுரண்டினாள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகிற கேபிள்தான் வண்டியிலேயே அதிகக் கரண்டு இழுக்கிற இடம். இது சூடாகும் என்று சொல்லிப் பார்த்தாள். “அவன் இன்னா லாரியா ஓட்டப்போறான், போடு” என்றான் ராமலிங்கம். போட்டாள்.

அது சாமிக்கண்ணுவின் வண்டி. வைத்திக்குப்பத்தில் மீன் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். நான்காவது மாதம் கடற்கரையிலேயே, பெட்டி நிறைய மீனோடு, சீட்டுக்கு அடியிலிருந்து தீப்பிடித்தது. கடைக்கு வந்து அவர் சத்தம் போட்டபோது ராமலிங்கம் குரலே உயர்த்தவில்லை. அந்தப் பொண்ணு வேலை அது, இன்றோடு அனுப்பிவிட்டேன் என்றான். அவள் பின்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனவளைச் சாமிக்கண்ணு கண்டுபிடித்தார். மீன் விற்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவள் என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய் முடித்தார். அவள் மீன் வாங்காமலே திரும்பினாள். போட்ட கை அவளுடையதுதானே. அன்றிலிருந்து ‘வண்டி எரிச்சவ’ என்பது பேராகிவிட்டது. அரியாங்குப்பத்தில் தனியாகக் கடை போட்டாள். ஹாரனுக்கும் பல்புக்கும் வந்தார்கள். கேபிள் வேலைக்கு ஒருவரும் வரவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், சட்டை முழுக்க வேர்வையோடு ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கல்யாண வயசுக்காரன். பேர் ராஜா. மூன்று மாதம் முன்புதான் அக்கா வீட்டோடு வந்து தங்கியிருக்கிறானாம். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டதாம். ஸ்விட்சை அழுத்தினால் டக் டக் என்கிறது, மோட்டார் சுற்றவில்லை. உதைத்து எழுப்பக் கிக்கரும் கிடையாது என்றான். அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். ராமலிங்கத்தின் வண்டி.

“மாமா மூணு பேட்டரி மாத்திட்டாருக்கா. ஒண்ணவிட ஒண்ணு பெருசு. கடைசியா பேட்டரி வெக்கிற பொட்டிய அறுத்து உள்ள தள்ளியிருக்காரு.”

பக்க மூடியைக் கழற்றியதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேட்டரி புத்தம் புதுசு. கேபிள் அதே சுருள். முனையில் லக் என்கிற வளையம் வைத்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, உறை சுருங்கியிருந்தது. ராமலிங்கத்துக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் அந்தக் கேபிளை அவன் கையாலேயே மாற்றினால், சாமிக்கண்ணு வண்டி எதனால் எரிந்தது என்று கடையில் இருக்கிற நாலு பேருக்கும் தெரிந்துவிடும். அதனால் பேட்டரியையே மாற்றிக்கொண்டிருந்தான்.

காலையில் தயாராகிவிடும் என்று ராஜாவிடம் சொன்னாள். வண்டிக்காரரே நேரில் வரவேண்டும் என்றும் சொன்னாள். ஸ்டார்ட்டர் வேலை பார்த்த வண்டியில் முதல் அழுத்து வண்டிக்காரர் கைதான். பிற்பாடு சொல் வரக்கூடாது என்பதற்காக உள்ள பழக்கம். தட்டாஞ்சாவடிக் கடையில் அதைக் கறாராக வைத்திருந்தவனே ராமலிங்கம்தான். பையன் போனதும் சாமிக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். காலை எட்டு மணிக்கு இந்தப் பக்கம் மீன் கொண்டுவரும்போது கடையில் நில்லுங்கள், உங்கள் வண்டி எரிந்த காரணத்தைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காலையில் வெல்டிங் கேபிளை அளந்து வெட்டினாள். மெல்லிய செம்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் திரண்ட கேபிள், விரல் கனம். பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு ஒன்று, ரிலேவிலிருந்து மோட்டாருக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. லக் வைத்து அழுத்தினாள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு தெரியுமட்டும் தேய்த்தாள். இவ்வளவு அழகாக ஒரு வேலையை அவள் அதற்குமுன் செய்ததில்லை.

ராமலிங்கம் மச்சான் ராஜாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். அவளைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. மச்சான் மேல் ஒரு பார்வை. மீன் பெட்டியோடு நின்ற சாமிக்கண்ணுவை அவன் கடைசியாகத்தான் பார்த்தான்.

“அழுத்துங்கண்ணே” என்றாள்.

அழுத்தினான். விரல் எடுப்பதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது.

“புது பேட்டரி போட்டியா?”

“உங்க பேட்டரிதான்.”

வண்டியை அணைத்தாள். கழற்றி வைத்திருந்த பழைய கேபிளை எடுத்துச் சாமிக்கண்ணுவின் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தாள். செம்பு உதிர்ந்து வெள்ளை தெரிந்தது.

“இத யாரு போட்டது?” என்று ராஜாவைக் கேட்டாள்.

“நான் வந்த புதுசுல மாமாதான் போட்டாரு. நம்ம கடைல இன்னும் பாதிச் சுருள் கெடக்குதேக்கா” என்றான், உதவி செய்கிற முகத்தோடு.

ராமலிங்கம் போய் ஆட்டோவில் உட்கார் என்று மச்சானை அதட்டினான். ஆட்டோ போய்விட்டிருந்தது.

அவள் உட்கார்ந்து புதிய கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ராமலிங்கம் குனிந்து, அது இருக்கட்டும், எவ்வளவானாலும் தருகிறேன் என்று அவள் காதோடு சொன்னான்.

“உங்க கடை சரக்கு உங்க வண்டியிலயே இருக்கட்டும்ணே.”

பழையதை மாட்டி, நட்டை இறுக்கி, சாவியை அவன் கையில் வைத்தாள். அவன் அழுத்தினான். டக் டக். இன்னொரு முறை அழுத்தாமல் ஹேண்டிலைப் பிடித்தான். ராஜா பின்னாலிருந்து தள்ளினான். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்சம் நீளமான பாலமாக இருந்திருக்கலாம்.

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். “தப்பா பேசிட்டம்மா அன்னிக்கு.”

“இங்க சொல்லி இன்னா புண்ணியம்? எங்க பேசுனீங்களோ அங்க வந்து சொல்லுங்க.”

“சரி. ஆனா மாட்டுனது உன் கைதான?”

“என் கைதான். சரக்கு அவரோடது. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க.”

நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். மீன் பெட்டியைக் காட்டினார், வெயில் ஏறுவதைக் காட்டினார். அவள் அதற்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள்.

“இப்பவே போலாம். மீன் விக்கிறவங்க எழுந்து போறதுக்குள்ள.”