ஏரிக்குள் ஒரு குறுக்குவழி

இப்போதெல்லாம் டிவியில் வரும் கார் பந்தயத்தில் பின்னால் வருகிற காருக்கு இறக்கை திறந்துகொள்கிறது. திறந்தால் வேகம் கூடும், முன்னால் போகிறவனைத் தாண்டிவிடலாம். அதைப் பார்த்தாலே என் வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதெல்லாம் ஒரு ரேஸா?" என்று ரிமோட்டைத் தேடுவார். ரிமோட்டை நான் முந்தானைக்கு அடியில் மறைத்து வைத்திருப்பேன். எனக்கு அந்த இறக்கையின் மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி போட்டு நெய்துகொண்டிருந்தோம். எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய இரண்டு ஆள் வேண்டும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து, ஊடு நூலை ஓட்டுகிற நாடாவை எறிவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ளுவேன். அவர் கை நின்றால் என் கையும் நின்றுவிடும்.

கோடையில் முசரவாக்கம் பக்கம் ஏரி வற்றியதும் எங்கள் ஆட்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். வாரம் முழுக்கப் பாவும் பட்டும் சுமந்த மொபெட்டில் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ந்த ஏரிக்குள் ஆறு சுற்றுப் பந்தயம் விடுவார்கள். பத்துப் பேர் ஓட்டுவார்கள், தெருவே ஏரிக்கரைமேல் உட்கார்ந்து பார்க்கும். பரிசு ஒரு எவர்சில்வர் குடம்.

பந்தயம் என்று பேர்தான். முதல் வளைவிலேயே கதை முடிந்துவிடும். முன்னால் போகிறவன் கிளப்புகிற தூசியில் பின்னால் வருகிறவனுக்குத் தன் வண்டியின் ஹேண்டில்பாரே தெரியாது. தாண்ட வேண்டுமென்றால் ஒரே இடம், கரையை ஒட்டிய வளைவு. அங்கேதான் தடம் கொஞ்சம் அகலம். கண்ணை மூடிக்கொண்டு தூசிக்குள் புகுந்து முறுக்க வேண்டும். முந்தின கோடையில் என் வீட்டுக்காரர் அப்படித்தான் முறுக்கினார், தோள் எலும்பு உடைந்தது. இரண்டு மாதம் தறிக்குழியில் பூனைதான் படுத்துக் கிடந்தது. கட்டைப் பிரித்த டாக்டர், "இன்னொரு தபா இதே எடத்துல உடைஞ்சா கை தோளுக்கு மேல ஏறாதும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

அடுத்த கோடை வந்தது. மனுஷன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் பட்டினி கிடந்தும் பார்த்தேன். "பயந்துட்டான்னு நாலு பேரு சொல்லுவான்மே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மொபெட்டைக் கிணற்றில் தள்ளியிருப்பேன். தெருவில் கிணறு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய சிநேகிதர் எங்கள் வீட்டுக்கு டிவியில் கார் பந்தயம் பார்க்க வந்தார். மொபெட் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மெக்கானிக். ஏரிப் பந்தயத்தை நடத்துகிறவரும் அவர்தான், அதில் ஓட்டுகிறவர்களில் ஒருவரும் அவர்தான். டிவியில் கார்கள் எறும்புச் சாரி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஏன் ஒருத்தனும் ஒருத்தனைத் தாண்ட மாட்டேனென்கிறான் என்று கேட்டேன்.

"முன்னால போற காரு காத்தைக் கலைச்சி உட்டுடுதும்மா. பின்னால வர்றவனுக்குப் புடிமானமே இருக்காது" என்றார் மெக்கானிக். "வேற ஒரு ரேஸுல இப்ப பட்டன் வச்சிக்கீறாங்க. அமுக்குனா கொஞ்ச நேரத்துக்கு எக்ஸ்ட்ரா பவர். ஆளுக்கு இவ்ளோதான்னு அளவு."

"பட்டன அமுக்கித்தான் மேல போவணும்னா லிஃப்டுல போவலாமேபா, ரேஸு எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அந்த பட்டன் பிடித்துப்போயிற்று. காற்றோ தூசியோ, பின்னால் வருகிறவன் படுகிற பாடு ஒன்றுதானே? கரை வளைவுக்குச் சற்று முன்னால் ஏரிக்குள் குறுக்கே ஒரு பழைய வாய்க்கால் இருக்கிறது. கோடையில் அதில் வண்டி போகும். வளைவைச் சுற்றாமல் அதில் வெட்டிக்கொண்டு போனால் தூசிக்குள் புகாமலே முன்னால் போகிறவனைத் தாண்டிவிடலாம். "ஆளுக்கு ஒரே ஒரு தபா அதுல போவலாம்னு வச்சிடுங்கண்ணா" என்றேன்.

"யாரு எத்தினி தபா போனான்னு எப்பிடிம்மா தெரியும்?"

"ஆளுக்கு ஒரு தார் குடுத்துடறேன். குறுக்க போறவரு அத என் எதிர்ல போட்டுட்டுப் போவட்டும்."

நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சியைத்தான் தார் என்போம். பத்து நிறத்தில் பத்துத் தார் சுற்றினால் போதும். எது யாருடையது என்று எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெக்கானிக்குக் கொண்டாட்டம். என் வீட்டுக்காரர் விருட்டென்று எழுந்துவிட்டார். "திருட்டு வழி" என்றார். "பொண்டாட்டி போட்ட வழியில போயி ஜெயிச்சான்னு சொல்லுவாங்க. நான் செத்தாலும் அதுல வர மாட்டேன்."

"வராட்டிப் போங்க. முழுசா வூட்டுக்கு வாங்க, அது போதும்."

மூன்று நாள் பேச்சில்லை. இரண்டு பேர் சேர்ந்து நெய்கிற சேலையைப் பேசாமல் நெய்வது லேசில்லை. நான் எப்போது நாடாவைத் தள்ள வேண்டும் என்பதை இருமி இருமியே சொன்னார். மூன்றாம் நாள் நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பந்தயத்தன்று வாய்க்கால் வாயில் சிவப்புத் துணியோடு நின்றேன். அவருக்குக் கொடுத்தது அரக்கு நிறத் தார், அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையின் நிறம். வேண்டாவெறுப்பாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதிர்ஷ்டம் பாருங்கள், அன்றைக்கு முதல் வளைவில் முதலில் நுழைந்தவர் அவர்தான். நாலு சுற்றும் அவரே முன்னால். முன்னால் போகிறவருக்குத் தூசி ஏது? முகத்தில் ஒரு பொட்டு மண் இல்லாமல் என்னைக் கடந்து போனார். இரண்டாவதாக வந்த மெக்கானிக் மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார். எனக்கு நிம்மதி. இன்னும் இரண்டே சுற்று என்று எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

ஐந்தாம் சுற்றில் மெக்கானிக் சட்டென்று என் பக்கம் திரும்பினார். கிளிப்பச்சைத் தார் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. வாய்க்காலில் குதித்துக் குதித்துப் போய், அந்தப் பக்கம் ஏறும்போது அவர் முன்னால், என் வீட்டுக்காரர் பின்னால். கரைமேல் ஒரே கூச்சல். தூசி இல்லாமல் போய்க்கொண்டிருந்தவரை நான் போட்ட வழியே தூசிக்குள் தள்ளிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஆறாவது, கடைசிச் சுற்று. மெக்கானிக் கடந்து போனார். தூசிக்குள்ளிருந்து இவர் வந்தார். துணியை ஆட்டினேன். "இப்பிடி வாங்க, இப்பிடி வாங்க!" என்று கத்தினேன். அவரிடம் தார் இருந்தது, வழி இருந்தது. வாய்க்காலை ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கரை வளைவுக்குப் போய்விட்டார்.

வளைவு முழுக்க மண் எழும்பி நின்றது. எதுவும் தெரியவில்லை. போன வருஷம் கேட்ட சத்தம் இன்னொரு தரம் கேட்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். முதலில் மெக்கானிக் வெளியே வந்தார். அப்புறம் யாரும் வரவில்லை. அப்புறம், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆள் மாதிரி, நிதானமாக, என் வீட்டுக்காரர் வந்தார். முழுசாக வந்தார். நான் ஏரி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவ்வளவு நிம்மதியான அழுகையை நான் அதற்கு முன்பும் அழுததில்லை, பின்பும் அழுததில்லை.

குடம் மெக்கானிக்குப் போயிற்று. ஆனால் பாவம், அவரால் அதை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. "வாய்க்கா ராஜா, குடத்துல தண்ணி இருக்குதா?" என்று டீக்கடையில் வருஷம் முழுக்கக் கேட்டார்கள். "ரூல்ல இருக்குதுபா, ரூல்ல இருக்குது" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பற்றித் தெரு வேறு மாதிரி பேசியது. கையில் தாரை வைத்துக்கொண்டே போடாமல் வந்த ஆள் என்றது.

அந்த வழியால் பந்தயம் மட்டமாகிவிட்டதா? மெக்கானிக்கின் வெற்றி மட்டமாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு இன்னும் மூன்று பேர் என் காலடியில் தாரைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்ததும் கேட்டேன். "வளைவுல ஏங்க மெதுவாப் போனீங்க?"

அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டே சொன்னார். "வழி இல்லாம இருந்திருந்தா தூசில பூந்திருப்பேன்மே. வேற இன்னா பண்றது? வழி இருந்துது. வேணாம்னுட்டு வந்தேன், ஊரே பாத்துது. அதுக்கு மேல அந்த வளைவுல நான் இன்னாத்தக் காட்டணும்?"

ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து அரக்குத் தாரை எடுத்து நாடாவுக்குள் வைத்தார். மேலே ஒரு கயிறு தளர்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டக் கையைத் தூக்கினார். கை தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, கயிறு வரைக்கும் போயிற்று. அப்புறம் நாடாவை எறிந்தார். நான் இன்னும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் பார்டர் நாடாவைத் தள்ள மறந்துபோனேன். அவர் இருமவில்லை. வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டினார்.