மைச்சிமிழும் மோட்டார் ஹேண்டிலும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். கட்டிக்கொண்டு வந்த இடத்தில் நம்மைவிட ஒரு மோட்டாருக்கு மரியாதை அதிகம் என்று கண்டால் யாருக்குத்தான் வராது? என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலுக்கு மோட்டார் ஓட்டினார். யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்துவிட்டு, சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. வக்கீல் பங்களாவின் பின்பக்கம் மோட்டார் கொட்டகை. அதை ஒட்டிய ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். வேலை போனால் அறையும் போகும் என்பது இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பொதுவாகவே அவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியும் சோறு போதும், தண்ணி கொண்டா என்பதோடு சரி. மோட்டாரிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவார். "வா எந்தாயி, கோவப்படாத, பைய வா" என்று காலையில் கொட்டகையிலிருந்து குரல் கேட்கும். அடுப்படியில் நான் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியாது.

இப்போதைய வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒன்று இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் போதும். அந்த வண்டிக்கு மனுஷக் கைதான் ஸ்டார்ட்டர். முன்னால் தொங்கும் இரும்பு ஹேண்டிலை உள்ளே அழுத்திச் சுற்ற வேண்டும். அதன் நுனியில் இரண்டு பல். இன்ஜின் தண்டின் முனையில் குறுக்காக ஓர் இரும்பு முளை. பல்லின் நேரான பக்கம் முளையைக் கவ்வித் திருப்பும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் சரிவான பக்கம் ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். எங்கள் வண்டியில் அந்தப் பற்கள் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டன. புதிது கேட்டு மதராஸ் கம்பெனிக்கு எழுதினால், சீமையில் சண்டை நடக்கிறது, கப்பலில் சாமான் வராது என்று பதில் வந்தது.

ஒருநாள் காலை அந்தப் பல் பாதி வழுக்கிப் பாதி கவ்வி, இன்ஜின் திருப்பி உதைத்து, ஹேண்டில் அவருடைய வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. உளுந்து மாவும் முட்டையும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், முனகமாட்டார். கட்டுப் பிரித்த பிறகு ஸ்டியரிங் பிடிக்க முடிந்தது, கியர் தள்ள முடிந்தது. ஹேண்டிலைச் சுற்றுகிற பலம் மட்டும் வரவில்லை. ஊரில் வேறு யாரும் அதன் பக்கமே போகவில்லை. "அது கை முறிக்கிற வண்டிவே" என்று பேராகிவிட்டது.

அந்த நாட்களில் வக்கீல் ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்குக் குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்தார். மற்ற வக்கீல்கள் கேலி செய்தார்கள் போலிருக்கிறது. அவர் பொல்லாத மனிதர் இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை கொட்டகை வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழமை காலம்பற வண்டி உறுமிக்கிட்டு வாசல்ல நிக்கணும்பா. இல்லன்னா மதுரையில ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன். தப்பா நெனைக்காத."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

ஹேண்டில் இல்லாமல் தள்ளியே கிளப்பிவிடலாம் என்று சனிக்கிழமை தெருவைக் கூப்பிட்டார். கூப்பிட்டதுதான் தாமதம், ஊரே வந்தது. தள்ளச் சொன்னால் யார் தள்ளுகிறார்கள்? நம் ஊர்க்காரர்களுக்கு நாலு சக்கரம் வைத்து எது நின்றாலும் இழுக்கத்தான் தெரியும். எங்கிருந்தோ ஒரு தேர்வடம் வந்தது. மோட்டாரின் முன்னால் கட்டினார்கள். "இழு, இழு" என்று ஒரு சத்தம். பெண்கள் குலவை போடாததுதான் பாக்கி. வண்டி கிளம்பி, வேகம் எடுத்து, அவர் கிளச்சை விட்டதும் இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டதே! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. வடம் பிடித்தவர்கள் அலறியடித்துச் சிதறினார்கள். அந்த நேரம் பார்த்து, தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற அண்ணாச்சி ஒருவர், பழக்க தோஷம், எங்கேயோ கிடந்த கட்டையைத் தூக்கி முன்சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோயிற்று.

"என்னவே செஞ்சீரு! ஆனித் தேருன்னா நெனச்சீரு?" என்று நான் கத்தினேன்.

"ஓடுத ஓட்டத்தப் பாத்தா அங்கன நின்ன சனம் என்னத்துக்கு ஆவும் தாயி? நிறுத்தாண்டாமா?" என்றார் அண்ணாச்சி, பாவம், மனசார.

அதற்கு மேல் அவரை என்ன சொல்ல? வண்டிக்குள் என் வீட்டுக்காரர் மணிக்கட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வண்டி குதித்ததில் அது ஸ்டியரிங்கில் இடித்துவிட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. வண்டியைத் தள்ளிக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள்.

இனி ஹேண்டில்தான் கதி. பல் சரியானால் பயம் தெளிந்து யாராவது சுற்ற வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். அன்று சாயங்காலமே வண்டிப் பட்டறையில் தேய்ந்த நுனியில் புது இரும்பை ஒட்டி அடித்து, பல்லைத் தோராயமாக வெட்டித் தந்தார்கள். முளைக்குச் சரியாக உட்காரும்படி அராவுவது நம் பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் அவர் அரத்தை எடுத்தார். இரண்டு இழுப்பிலேயே பிடி நழுவியது. அரம் கீழே விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"தள்ளுங்க, சவத்தை இங்கன குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டேன்.

தேங்காய் உடைத்த கைதானே, அரம் பிடிக்காதா? அவர் சொல்லச் சொல்ல அராவினேன். இரண்டு பல்லும் ஒரே சமயத்தில் முளையைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் எல்லாப் பாரமும் அதன் தலையில். எங்கே தொடுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஏளா, ஒன் மைச்சிமிழைக் கொஞ்சம் தாரியா?"

"என்னத்துக்கு? ஒங்க மோட்டாருக்குக் கண்ணு எழுதப் போறியளா?"

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல்வரிசையில் ஒரு பல் சற்றே கோணல். அத்தனை மாதம் எனக்கு அது தெரியாது. சிமிழைக் கொண்டுவந்தேன். மையை விரலில் தொட்டு முளையில் பூசினார். ஹேண்டிலைச் செருகித் திருப்பி எடுத்தால் பல்லில் தொட்ட இடத்தில் மட்டும் கறுப்பு. கறுப்பை அராவு, மறுபடி பூசு, மறுபடி செருகு. மத்தியானச் சோறு மறந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள் இரண்டு பல்லிலும் ஒரே மாதிரி மை ஒட்டியது. இருவர் கையும் மூஞ்சியும் கரிப்பானை. அன்றைக்கு அவர் பேசிய பேச்சு! கீழே நிற்கும் ஹேண்டிலை மேலே இழுக்கத்தான் வேண்டும், மேலிருந்து அமுக்கக் கூடாது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, பொறி விடுகிற நெம்புகோலைப் பின்னால் தள்ளிவைக்க வேண்டும், இல்லையென்றால் பொறி முந்திக்கொண்டு இன்ஜின் திருப்பி உதைக்கும். அவசரத்தில் இதையெல்லாம் விட்டுத்தான் கையை ஒடித்துக்கொண்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மோட்டாரிடம் எனக்கு இருந்த பொறாமை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"நாளைக்கு நானே சுத்துதேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "கோட்டிக்காரி மாதிரி பேசாத. பல்லு புதுசு, எப்படி நிக்கும்னு ஆருக்குத் தெரியும்? ஒதச்சா?"

"வேற ஒருத்தரும் கிட்ட வரமாட்டாவ. அப்போ வேலை?"

"வேலை போனாப் போட்டும். மூட்டை தூக்கியாவது கஞ்சி ஊத்துவேன். ஒன் கையி முறிஞ்சு நீ கெடந்தா என்னால பாக்க முடியாதுளா."

ஹேண்டிலைக் கழற்றித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். எனக்குத் தூக்கம் எங்கே வந்தது? அந்த மோட்டார் என்றால் அவருக்கு உயிர். என் கைக்காக அதையும் விடுகிறேன் என்கிற மனுஷனை எப்படி விட்டுவிடுவது?

திங்கட்கிழமை விடிந்ததும் முகம் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டுக்கொண்டு, மதுரை ஆளையே வரச் சொல்லுங்கள் என்று சொல்ல வக்கீலைப் பார்க்கப் போனார். அவர் பங்களாவுக்குள் மறைந்ததும் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். நெம்புகோலைப் பின்னால் தள்ளினேன். சேலையை இழுத்துச் செருகினேன். பெருவிரலை ஒரே பக்கம் வைத்துக்கொண்டேன். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை, 'பொக்' என்று ஒரு மூச்சு. அடுத்ததில் தம் கட்டி இழுத்தேன். இன்ஜின் ஒரு உறுமு உறுமியது. ஹேண்டில் வெண்ணெயில் இருந்து வருவது மாதிரி கழன்று என் கையோடு வந்துவிட்டது. நான் அராவிய பல்லின் சரிவு! கொட்டகையே அதிர்ந்தது.

கொட்டகை வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வக்கீல் தலைப்பாகையைக் கையில் வைத்தபடியே வந்தார். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். மோட்டாரிடம் போகவில்லை. ஹேண்டிலைப் பிடுங்கிக் கீழே போட்டார். என் வலது கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார், மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். அவர் கண்ணீர் என் புறங்கையில் விழுந்தது.

"வலிக்கா? சொல்லுளா, எங்கனயாவது வலிக்கா?"

"விடுங்க, ஆளு பாக்குது."

வக்கீல் ஏறி உட்கார்ந்துவிட்டார். "கெளம்புவமாப்பா? கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றார். ஹாரனை வேறு ஒரு தடவை அமுக்கினார். மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. என் வீட்டுக்காரர் என் கையை விடவில்லை.