எலிகளுக்கு ஆறிய புண்

என் அண்ணனுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். எங்கள் ஊர் எலப்புள்ளியில் வயலும் தென்னந்தோப்பும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், எங்கே போனாலும் முதலில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார். கல்யாண வீட்டில் வாசலை ஒட்டியே உட்காருவார். தாலி கட்டுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போயிருப்பார். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு மறுபடியும் ரத்தம் போகும்.

நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த நோய்க்குத்தான் மருந்து தேடுகிறோம். அண்ணனுக்காகவே அந்தப் படிப்புக்குப் போனேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் எனக்குக் கிடைத்த இடம் அதுதான். ஆனால் நான் மறுத்ததில்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஒரு பொங்கல் லீவில், தோப்பில் நின்றபடி அவருக்கு விளக்கினேன். கொழுப்பால் செய்த நானோ துகள், கண்ணுக்கே தெரியாது. அதற்குள் ஒரு மரபணு மருந்து. துகள் அதைக் கெடாமல் புண் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் இறக்கும். வீக்கத்தைக் கிளப்பும் ஜீனை மருந்து அங்கேயே அடக்கிவிடும். அண்ணன் காலடியில் கிடந்த கறுப்புக் குழாயைப் பார்த்தார். மானியத்துக்காக விவசாய ஆபீஸான கிருஷிபவனுக்கு நடையாய் நடந்து வாங்கிப் போட்ட குழாய் அது.

"தென்னைக்குச் சொட்டுநீரு உடறமே, அதாட்டமா அம்மிணி? வேருக்கு மட்டும்?"

எங்கள் பேராசிரியர்கூட இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எப்போது வரும் என்று கேட்டார். நாலைந்து வருஷத்தில் என்று வாய்கூசாமல் சொன்னேன். தெரியாது என்பதுதான் சரியான பதில். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் அதைப் பக்குவமாக எழுதுகிறவள்தான் நான். அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

அடுத்த வருஷம் கோயம்புத்தூர் டாக்டர், இனி மாத்திரைக்குக் கேட்காது, பெருங்குடலை எடுத்துவிடுவதே நல்லது என்றார். அண்ணன் எனக்குப் போன் செய்தார். அந்த வாரம்தான் எங்கள் எலிகளுக்குக் குடல்புண் ஆறியிருந்தது. எலியைக் கொன்றுதான் குடலைத் திறந்து பார்ப்போம் என்பதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"உன்ற மருந்து வந்துருமில்ல அம்மிணி?"

"வந்துருங்ணா."

ஆபரேஷனை அவர் தள்ளிப்போட்டார். டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டும், தங்கச்சி மருந்து செய்கிறாள் என்று சொல்லிப் போகவில்லையாம். அண்ணி பிறகு சொன்னார். நெல்லறுப்புச் சமயத்தில் வயிறு உப்பி வயலிலேயே மயங்கி விழுந்தார். குடலில் ஓட்டை. அவசர அவசரமாக எடுத்தார்கள். முன்பே நிதானமாகச் செய்திருந்தால் சிறுகுடலை உள்ளேயே இணைத்திருக்கலாம், இனி ஆயுசுக்கும் மலம் போக வயிற்றில் பைதான் என்றார் டாக்டர்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் பையைக் காலி செய்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். பரவாயில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகிறோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மருந்து வந்தா எனக்குத்தான் மொதல்ல குடுக்கோணும். மறந்துராத."

அந்த மருந்து போய் இறங்க வேண்டிய குடல் இப்போது அவருக்கு இல்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டியவள் நான்தான்.

"சரிங்ணா" என்றேன்.