செல்விக்கு ஏறிய நித்யகல்யாணி

ரத்தம் எடுக்கிறவள் வார்டுக்குள் நுழைந்தாலே குழந்தைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்களுக்கு இது புரியும். எழுபதுகளில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் லாப் டெக்னீஷியன். என்னிடம் கையைத் தானாக நீட்டியவள் செல்வி. ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். அம்மா முத்தம்மா பொன்முடி மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள்.

வாசல் செடி

வாரம் ஒரு ஊசி என்றார் டாக்டர். அந்த மருந்து நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது என்று முத்தம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுவாரம் மடி நிறைய அந்த இலையோடு வந்து நின்றாள். அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வாசலிலேயே பூத்துக் கிடக்கிறதாம்; அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

டாக்டர் மலையாளமும் தமிழுமாகப் பதறிவிட்டார். "அய்யோ, கொடுக்கண்டா. கூடைகூடையா இலையிலிருந்து ஒரு துளி மருந்து பிரிச்செடுக்கணும். பாக்கியெல்லாம் விஷமாணு."

முத்தம்மா இலையைக் குப்பையில் உதறினாள். "எங்க ஆடு அதுல வாய வைக்காதப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

லென்ஸுக்குள்

இன்னொரு நாள் செல்வியின் ரத்தத்தை என் மைக்ராஸ்கோப்பில் முத்தம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ஊதாப் புள்ளிகளாகக் கெட்ட அணுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இந்த மருந்து, அணு இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திவிடும். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் அது செத்துப்போகும் என்றேன்.

அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "இத்தன பேருக்கா எம்புள்ள சோறு போட்டுக்கிட்டு இருந்தா?"

பொட்டு

நாலாவது ஊசிக்குள் செல்வியின் முடி கொட்டிவிட்டது. விரல் மரத்துப்போய் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். மருந்துக்கு நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கத் தெரியாது கண்ணே, அதனால்தான் இப்படி என்றேன்.

அவள் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "நல்லதுக்கெல்லாம் ஒரு பொட்டு வெச்சு விடுங்கக்கா. அப்புறம் தெரியும்ல?"

ஆறாவது வாரம்

எலும்பு மஜ்ஜை ஸ்லைடு வந்தது. ஒரு மூலை விடாமல் தேடினேன். கெட்ட அணு கண்ணில் படவில்லை. என் கண்ணை நம்பாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு, "இப்போ காணலை, அவ்வளவுதான். மருந்து நிறுத்தக் கூடாது" என்றார். மூன்று வருஷம் மலையிறங்கி வந்தார்கள். முடி வளர்ந்தது, பொத்தானும் அவளே போட்டாள். ஒருநாள், இனி மருந்து வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார் டாக்டர்.

முத்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப உங்களயெல்லாம் பாக்க என்ன சாக்கு சொல்லி லீவு கேக்குறது?"

மணிக்கணக்காகத் தேடி ஒன்றுமே அகப்படாமல், அந்தச் சந்தோஷத்தில் கடைசிக் கரமனை பஸ்ஸையும் தவறவிட்டு வீட்டுக்கு நடக்க வைக்கிற உத்தியோகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.