ஒகுட்டு வீட்டு மருமகள்

ஏரி நடுவே இருக்கும் தகவிரித் தீவுக்குப் போகும் படகில் ஆளே இருக்காது. ஆனாலும் துறையில் நின்று ஆள் பிடித்து ஏற்றும் ஒகுட்டு, "ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, ஓடி வா!" என்று கூவுவார். சனம் நம்பி ஓடி வரும். மனைவி போன பின் ஒற்றை மகள் அவினோவை அந்தக் குரலால்தான் படிக்க வைத்தார். அவள் இப்போது ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கிறாள்.

கல்லீரல் கெட்டு ஒகுட்டு படுத்தார். கூவிய குரல் போய்க் கிசுகிசுப்புதான் மிஞ்சியது. அப்போதுதான் ஜன்னல் சட்டத்துக்கு அந்தக் குதிக்கும் சிலந்தி வந்தது. ரத்தம் குடித்து வயிறு உப்பிய கொசுவாகப் பார்த்துப் பாயும். அதற்காகவே அவர் ஒரு கையைக் கொசுவலைக்கு வெளியே போட்டுத் தூங்கினார்.

"கைய உள்ள வைங்கப்பா. இந்த உடம்பு இன்னொரு காய்ச்சலத் தாங்காது."

"சும்மா இரு ஆத்தா. கொசு என்னைக் குடிக்குது, இவ கொசுவைக் குடிக்கிறா. ரத்த சொந்தமாச்சே! பாரு, முட்டைக்குப் பை கட்டிட்டா. நீதான் பேரப்பிள்ளை காட்டல."

அவினோ உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தாள். வாயருகே இரண்டு குட்டிக் கைகள். நுனி இரண்டும் குத்துச்சண்டை உறை மாட்டியதுபோல் உருண்டிருந்தன. பெண்ணுக்கு அவை மெலிந்திருக்கும். முகமும் நல்ல சிவப்பு. பை வெறும் படுக்கை, ஆணும் நெய்யும்.

"இது ஆம்பிளைப்பா. முட்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இனியாவது கைய உள்ள வைங்க."

ஒகுட்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு போ. பொண்ணுன்னா வேற வீட்டுக்குப் போயிருவா. பையன் பொண்டாட்டிய இங்கதான கூட்டிட்டு வருவான்? ஒரே ஒரு ஆள்தான் பாக்கி."

அவர் தூங்கியதும் அவள் கையை எடுத்து உள்ளே வைப்பாள். விடியும்போது அது வெளியே கிடக்கும்.

மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. அவர் ரத்தத்தை அவளே பார்த்தாள். மலேரியா என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

ஊர் வழக்கப்படி அவரை வீட்டுக்கு முன்னாலேயே புதைத்தார்கள். உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பக்கத்து வீட்டு அதோங்கோ துடைப்பத்தோடு வந்தாள்.

"ஜன்னல்ல ஒரே ஒட்டடை. தட்டிவிடவா?"

"வேண்டாம் அக்கா. அவருக்குப் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் அவினோவுக்கு அழுகை வந்தது.

ஒரு காலையில் ஜன்னல் சட்டத்தில் இரண்டு சிலந்திகள் நின்றன. பழையது முன்னங்கால்களைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆடியது. புதியது ஓடவில்லை. அவினோ கண்ணாடியைப் பிடித்தாள். வெளிறிய முகம், மெலிந்த குட்டிக் கைகள்.

"ஆள் வந்தாச்சுப்பா" என்றாள், காலிக் கட்டிலைப் பார்த்து.

அன்று அந்தக் கட்டிலில் படுத்தாள். வலையை நான்கு பக்கமும் செருகினாள். பிறகு ஒரு கையை வெளியே நீட்டினாள்.