ரேடியோவுக்குப் பணம் கட்டாத வாரம்

எங்கள் படகில் இருந்த சாட்டிலைட் ரேடியோவை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். டிபன் டப்பா அளவு இருக்கும். தலையில், வெயில் பட்டால் சார்ஜ் ஏறுகிற கறுப்புத் தகடு, முன்னால் சின்ன ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் செத்துவிடும். அதற்கு மேல் பெட்டி மட்டும்தான் பேசும். காலை ஆறு மணிக்குக் காற்று நிலவரம் சொல்லும், மற்ற நேரங்களில் பாட்டுப் போடும். பொத்தானை அமுக்கினால் ‘நலம்’ என்று ஒரே ஒரு வார்த்தை கரையில் இருக்கும் என் போனுக்கு வரும். வாங்கியபோது முதல் வருடச் சந்தா இலவசம் என்றார்கள். அந்த வருடம் முடியப்போகிற வாரத்தில்தான் இது நடந்தது.

சந்தா கட்டுவதா வேண்டாமா என்ற சண்டை ஆயுத பூஜை அன்று தொடங்கியது. இஞ்சின், நங்கூரம், ஐஸ் பெட்டி, வலைமூட்டை என்று படகில் இருந்த எல்லாவற்றுக்கும் நான் மஞ்சள் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மாலை கட்டிக்கொண்டே சொன்னார்.

“இன்னாத்துக்கு அது? காத்தப் பாத்தா தெரியாதா? இருவது வருசமா அது இல்லாம போயி வர்லியா? அந்தத் துட்டுக்கு வலை வாங்கிப் போட்டா மீனாவது மாட்டும்.”

அதில் பாதி நியாயம் இருந்தது. நண்டு கடித்து அவருடைய வலையில் பாதி கிழிந்து கிடந்தது. மீதிப் பாதி வெறும் வாய்ஜம்பம். வருடம் முழுக்கப் பெட்டிப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டுதான் வலை இழுக்கிறார் என்று அதே படகில் போகிற என் கொழுந்தன் சொல்லியிருக்கிறான். நான் புயல், எச்சரிக்கை, பாதுகாப்பு என்று டிவியில் வருகிறவர்கள் மாதிரி வாதாடினேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உண்மையான காரணம் காலை ஏழு மணி. அந்த நேரத்துக்குத்தான் அவர் பொத்தானை அமுக்குவார். நான் போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். சொம்புக்குள் இருந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும். ‘நலம்’ வந்த பிறகுதான் எனக்குப் பசி என்ற ஒன்று வரும். அதற்கு முன்னால் ஒரு வாய் காப்பிகூட இறங்காது. இருபது வருடமாக அவர் பெட்டி இல்லாமல் போய்வந்தார், சரி. இருபது வருடமாக மத்தியானம் வரை நான் எப்படி இருந்தேன் என்று அவருக்கு என்ன தெரியும்? இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரோஷம். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு, நீ வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று போய்ச் சொல்வதா?

ஆகவே வீம்பு பிடித்தேன். சந்தா கட்டுவது என் போனில்தான், என் வேலைதான். “நீ வாயத் தொறந்து கட்டுன்னு சொல்லு, அப்பால கட்றேன்” என்றேன். உன் இஷ்டம் என்று அவர் படகுக்கு மாலை போடப் போய்விட்டார். ஒரு வாரம் அப்படியே ஓடியது. கொழுந்தன் பெண்சாதி, என் ஓரகத்தி, அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். கட்டிவிட்டாயா அக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். கடைசி நாள் வெள்ளியா சனியா என்றுகூட நான் சரியாகப் பார்த்து வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிகிறதற்கு முன்பே படகு போய்விட்டது. நான்கு பேர். விடிந்தபோது காற்று மாறியிருந்தது. ஐப்பசியில் வரவேண்டிய வாடை முன்கூட்டியே வந்து, பழவேற்காட்டு ஏரித் தண்ணீரைச் சுரண்டிக்கொண்டு அடித்தது. கொடியில் போட்ட துணி ஒன்றும் நிற்கவில்லை. ஏழு மணிக்குச் சொம்பு சத்தம் போடவில்லை. ஏழரைக்கும் இல்லை. நான் போனை வெளியே எடுத்துச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டேன். சந்தா முடிந்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள். தலையைக்கூட முடியவில்லை.

“இன்னாக்கா, மெசேஜ் வந்துச்சா?”

“வந்துச்சி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கட்டவில்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை என்பதுதான் நிஜமாக இருக்கும். அவள் முகம் தெளிந்தது. போய் உலை வைக்கிறேன் என்று திரும்பிவிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, உடனே கட்டித் தொலைக்கலாம் என்று போனைத் தட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றடித்தால் எங்கள் பக்கம் சிக்னல் அப்படித்தான். ஷேர் ஆட்டோ பிடித்துப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனேன். பெட்டியை எங்களுக்கு விற்ற பாய் கடை அங்கே இருக்கிறது.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தப்பு என்னுடையதாக இருக்கவேண்டும். என் திமிரால்தான் பெட்டி ஊமையாகியிருக்க வேண்டும். அப்படியானால் கடலில் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்.

கடைக்கார பாய் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“சந்தா இன்னும் முடியலக்கா. இன்னிக்கு முழுக்க இருக்குது.”

“அப்ப ஏன் வர்ல?”

அவர் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பெட்டி கடைசியாகப் பேசியது காலை ஐந்து மணிக்கு, அதற்கப்புறம் எதுவும் இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேட்டரியாக இருக்கும் என்று வேகமாகச் சேர்த்துக்கொண்டார். பெட்டி தண்ணீரில் விழுந்தாலும் இப்படித்தான் நிற்குமா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். அடுத்த வருடத்துக்குக் கட்டிவிடலாமா என்று கேட்டு, கேட்டதற்காக அவரே சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் எடுத்து வைத்திருந்த பணத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். 

நேரே கடற்கரைக்குப் போனேன். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் அலை மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருந்தது. அந்த அலையைத் தாண்டித்தான் எந்தப் படகும் உள்ளே வரவேண்டும். கிட்டத்தில் தொழில் செய்த படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் படகைப் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஆழத்துக்குப் போனார்கள், பார்க்கவில்லை என்றார்கள். பத்து மணி இருக்கும், ஓரகத்தி நிதானமாக நடந்து வந்தாள். என் சொல்லை நம்பிச் சமைத்து முடித்துவிட்டு வருகிறாள். அந்த நிதானத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“மெசேஜ் வர்ல. நான் பொய் சொன்னேன்” என்றேன்.

“நீ கட்லியா?”

“கட்டல. ஆனா இன்னிக்கு வரைக்கும் சந்தா இருக்குதாம்.”

அவள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டினாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் முகத்துவாரத்துக்கு வெளியே நீலப் படகு ஒன்று தெரிந்தது. எங்களுடையதுதான். தலைகள் நான்கா மூன்றா என்று எண்ணப் பார்த்தேன். அலை மறைத்து மறைத்துக் காட்டியது. உள்ளே வராமல் அங்கேயே ஆடிக்கொண்டு நின்றார்கள். பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு இஞ்சின் ஒரே மூச்சில் அலறியது. படகு அலை முதுகில் ஏறி, மூக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் விழுந்தது. நான்கு தலையும் இருந்தன. ஓரகத்தி இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் கரையேறி வந்து பெட்டியை என் கையில் கொடுத்தார். உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று பூஜை முடிந்த கையோடு அதைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரால் சுற்றியிருந்தார்கள். கவரைப் பிரித்தேன். கறுப்புத் தகடு முழுக்க மஞ்சளும் சந்தனமும் அப்பிக் காய்ந்திருந்தது, நடுவில் எட்டணா அளவு குங்குமம். எல்லாம் என் கைவேலை. பெட்டிக்கு நெற்றி எது என்று பார்த்து, மற்ற சாமானைவிட ஒரு பங்கு அதிகமாகவே பூசியிருந்தேன். பூஜைப் பொட்டை எங்களில் யாரும் துடைக்கமாட்டோம், தானாக உதிரவேண்டும். கவருக்குள் இருந்ததால் உதிரவும் இல்லை. வெயில் படாமல் ஒரு வாரமாகப் பேட்டரி இறங்கி, அன்று காலை ஐந்து மணிக்கு நின்றிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆட்டோவில் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதை மறைக்கத்தான் கோபமாகக் கேட்டேன், காற்று நிலவரம் கேட்காமல் பயந்துபோய்த் திரும்பி வந்தீர்களா என்று.

“காத்துக்கு யாரு பயந்தா?” என்றார். “வல இன்னும் பாதி கடல்லதான் கெடக்குது. ஏழு மணிக்குப் பொத்தான அமுக்குனேன், லைட்டு எரியல. நீ துன்னாம உக்காந்திருப்பேன்னு கெளம்பிட்டேன்.”

இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டியை மடியில் வைத்து, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, பூஜைப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். சாயங்காலம் வரை கடலில் நின்ற இரண்டு படகுகள் வலையை அறுத்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தன. அதற்குள் காற்று கொஞ்சம் தணிந்து என் போனில் சிக்னல் வந்திருந்தது. சந்தாவைக் கட்டிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து அன்றைய முதல் சோற்றைப் பிசைந்தேன்.